லாகோஸின் பழி யாருடையது?

மார்வெல் திரைப்படங்களைப் பற்றி இங்கே கிளிநொச்சியில் இளம்பிள்ளைகள் பேசிக்கொள்ளும்போது, யார் பலசாலி, யார் யாரை வெல்வார் என்ற விவாதமே பெரும்பாலும் நடக்கும். என் அக்காவின் மகன் கேட்ட கேள்வி அப்படிப்பட்டதன்று. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் அவன், 2016 ஆம் ஆண்டு வெளிவந்த 'கெப்டன் அமெரிக்கா: சிவில் வோர்' படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, "மாமா, லாகோஸில செத்த சனத்துக்கு வாண்டாவோ பொறுப்பு? அவ வேணுமெண்டு செய்யேல்லைத்தானே?" என்று கேட்டான். அவனுக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். கற்பனைப் பாத்திரம் ஒன்றின் குற்றத்தை நிறுப்பதற்கு இவ்வளவு சொற்கள் எதற்கு என்று யாரும் கேட்கக்கூடும். பொதுமக்கள் நடுவே வெடிக்கும் குண்டுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது வன்னியில் வாழ்பவருக்கு ஒருபோதும் கற்பனைக் கேள்வியாக இருந்ததில்லை.

படத்தில் நடப்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரா என்ற பயங்கர அமைப்பில் இருந்த புரொக் ரம்லோ என்பவனை ஆறு மாதமாகத் தேடிய அவெஞ்சர்ஸ் என்ற அதிவீரர் குழுவினர், அவன் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் இருப்பதை அறிந்து அங்கே போய்க் காத்திருக்கிறார்கள். அவன் பொலிஸ் நிலையத்தைத் தாக்கப்போகிறான் என்பது அவர்களுடைய கணிப்பு. அவனோ தொற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றுக்குள் புகுந்து உயிரியல் ஆயுதம் ஒன்றைத் திருடுகிறான். அவனும் அவனுடைய ஆட்களும் சனம் நிறைந்த சந்தைக்குள் ஓட, சண்டையும் அவர்களுக்குப் பின்னால் சந்தைக்குள் போகிறது. அங்கே கெப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரொஜர்ஸிடம் அகப்பட்ட ரம்லோ, ஸ்டீவின் பழைய நண்பனான பக்கியின் பெயரைச் சொல்லி அவனை ஒரு கணம் நிலைகுலையச் செய்துவிட்டு, உடம்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்க வைக்கிறான். அந்த வெடிப்பைக் குழுவிலுள்ள வாண்டா மாக்சிமொஃப் தன்னுடைய மாய சக்தியால் மூடிப் பிடித்து, சனத்துக்கு மேலே வானத்தை நோக்கி உயர்த்துகிறாள். பக்கத்துக் கட்டடத்தின் மேல்மாடிகளின் உயரத்தில் அவளுடைய பிடி தளர்கிறது. சந்தையில் நின்றவர்கள் தப்புகிறார்கள். மாடிகளில் இருந்தவர்கள் இறக்கிறார்கள். இறந்தவர்களுள் உதவிப் பணிக்காக வந்திருந்த வக்காண்டா என்ற கற்பனை நாட்டவர் 11 பேர் இருந்தார்கள் என்று பிறகு தொலைக்காட்சிச் செய்தி சொல்கிறது.

வாண்டாவுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலிமையான வாதம் ஒன்று உண்டு. அதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ரம்லோ நின்ற இடத்திலேயே குண்டு வெடித்திருந்தால் ஸ்டீவும் சுற்றி நின்ற சந்தைச் சனமும் இறந்திருப்பார்கள்; மேல்மாடியில் இருந்தவர்கள் அநேகமாகப் பிழைத்திருப்பார்கள். அவர்களுடைய சாவு வாண்டாவின் கை அசைந்ததால் வந்த சாவு. இதை மறுத்துவிட்டு அவளைக் காப்பாற்ற முயல்பவர்கள், இறந்தவர்களின் வீட்டாருக்கு முன்னால் நின்று பேச முடியாது. என் மகள் அந்த மாடியில் இருந்தாள், சந்தையில் இருக்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால், சந்தையில் பிழைத்தவர்களின் தொகையைக் காட்டி அந்தத் தாயின் வாயை அடைக்க எவருக்கும் உரிமை இல்லை.

இருந்தபோதிலும், ஒருவரின் கையால் சாவு நேர்ந்தது என்பதும் அந்தச் சாவின் பழி அவருக்கே உரியது என்பதும் ஒன்றல்ல. பழியை நிறுக்கும்போது நான் பார்ப்பது, அவருக்கு யோசிக்க நேரம் இருந்ததா, என்ன நடக்கும் என்று தெரிந்திருந்ததா, வேறு வழி இருந்ததா என்பவற்றையே. லாகோஸில் வாண்டாவுக்குக் கிடைத்தது ஓரிரு நொடி. அவள் கட்டடத்தைத் தெரிவுசெய்யவில்லை, வானத்தைத்தான் தெரிவுசெய்தாள், அவ்வளவு தூரத்துக்கு அவளுடைய பலம் போதவில்லை. சந்தையில் நிற்பவர்களைக் காப்பதற்காக மாடியில் இருப்பவர்களைப் பலிகொடுக்கலாம் என்று கணக்குப் பார்த்து அவள் வெடிப்பைத் திருப்பியிருந்தால், நான் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுதியிருப்பேன். கட்டடம் எரியத் தொடங்கியதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் அந்தக் கணத்தைப் பார்த்தவர்களுக்கு, அது கணக்குப் பார்த்தவளின் முகம் அல்ல என்பது விளங்கும்.

நேரம் இருந்தவர்கள் வேறு ஆட்கள். குண்டைக் கட்டிக்கொண்டு சந்தைக்குள் வந்தவன் ரம்லோ. முதற்பழி அவனுடையது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அடுத்தபடியாக, அந்த நடவடிக்கையைத் திட்டமிட்டவர்களைக் கேட்க வேண்டும். எதிரியின் இலக்கைப் பிழையாகக் கணித்தவர்கள் அவர்கள். சந்தைக்குப் பக்கத்தில் சண்டை மூண்டால் சனம் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டியவர்களும் அவர்களே. நாடுகளின் எல்லைகளை மதியாமல் நினைத்த இடத்தில் இறங்கிச் சண்டை பிடிக்கிறீர்கள் என்று அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ரொஸ் பின்னர் அவர்களைக் குற்றஞ்சாட்டும்போது, அந்த மனிதரை எனக்குப் பிடிக்காவிட்டாலும், அந்தச் சொல் சரியான சொல் என்றே எனக்குப் படுகிறது.

வெடிப்புக்கு முந்திய காட்சியைத் திரும்பவும் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கும் வாண்டாவிடம், அங்கே என்ன காண்கிறாய், அந்த வாகனத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று ஸ்டீவும் குழுவின் இன்னோர் உறுப்பினரான நட்டாஷாவும் கேள்விமேல் கேள்வி கேட்டு அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அதாவது அவள் இன்னும் பழகிக்கொண்டிருப்பவள். பயிற்சி முடியாத ஒருத்தியைச் சனநெரிசலுள்ள நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் குழுவிலேயே எவரும் அதற்கு முன் செய்திராத ஒன்றைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்யவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, முடிவு பிழைத்தபின் அவளுடைய கையைக் காட்டுவது நீதியாகாது. ஸ்டீவுக்கு இது தெரியும். குண்டை நான் முதலே கவனித்திருக்க வேண்டும், பக்கியின் பெயரைக் கேட்டதும் தடுமாறிவிட்டேன், இது என் பொறுப்பு என்று அவன் வாண்டாவிடம் சொல்கிறான். இருவருடையதும் என்று அவள் சொல்கிறாள். இந்தப் படத்தொடரில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய உரையாடல்களில் இது ஒன்று. ஆனாலும் அது ஓர் அறைக்குள், அவர்கள் இருவருக்கும் இடையில் நடந்து முடிந்துவிடுகிறது. அதே வார்த்தைகளை லாகோஸுக்குப் போய் எவரும் சொல்வதில்லை.

அமைச்சர் தரத்தில் உள்ள அந்த ரொஸ், அவெஞ்சர்ஸ் குழுவை மேசையைச் சுற்றி உட்கார வைத்து, அவர்களால் வந்த அழிவுகளைத் திரையில் காட்டுகிறார்: நியூயோர்க், வொஷிங்டன், சொக்கோவியா (வாண்டாவின் கற்பனைத் தாய்நாடு), லாகோஸ். அந்தப் பட்டியலில் ஜோகன்னஸ்பேர்க் இல்லை. 2015 ஆம் ஆண்டின் 'ஏஜ் ஒஃப் அல்ட்ரோன்' படத்தில், அப்போது அவெஞ்சர்ஸ் குழுவுக்கு எதிராக நின்ற வாண்டா, அக்குழுவைச் சேர்ந்த புரூஸ் பானரின் மனத்துக்குள் புகுந்து அவனை வெறிகொள்ள வைக்கிறாள். அவன் ஹல்க் என்ற பூதமாக மாறித் தென்னாபிரிக்காவின் அந்த நகரத்துக்குள் புகுந்து கண்டதையெல்லாம் அடித்து நொறுக்குகிறான். அதை அவள் எவரையும் காப்பாற்றுவதற்காகச் செய்யவில்லை. அவெஞ்சர்ஸ் குழுவைச் சிதறடிக்க வேண்டும், முன்பு ஆயுதம் செய்து விற்ற, அக்குழுவைச் சேர்ந்த டோனி ஸ்டார்க்கைப் பழிவாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, பானர் எப்படிப்பட்ட ஆள் என்பதை அறிந்துகொண்டே செய்தாள். நேரம் இருந்தது, அறிவு இருந்தது, செய்யாமல் விடுகிற வழியும் இருந்தது. அங்கே பழியைத் தயக்கமில்லாமல் அவள்மேல் வைப்பேன். அந்த நகரத்துக்காக அவளிடம் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. அவள் காப்பாற்ற முயன்ற இடத்துக்காக உலகம் அவளைத் தேடிவந்தது. கெடுக்க முயன்ற இடத்துக்காக எவரும் வரவில்லை.

அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதை அதே படம் அவளுடைய இரட்டைச் சகோதரன் பியெட்ரோவின் வாயால் சொல்கிறது. அவர்களுக்கு அப்போது வயது 10. நால்வரும் இராச்சாப்பாட்டில் இருக்கும்போது முதல் எறிகணை இரண்டு மாடி கீழே விழுந்து தரையைப் பிளக்கிறது. தாயும் தகப்பனும் அந்தப் பிளவுக்குள் போய்விடுகிறார்கள். பியெட்ரோ வாண்டாவை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே உருள்கிறான். இரண்டாவது எறிகணை வந்து விழுகிறது, வெடிக்கவில்லை. முகத்துக்கு மூன்று அடி தூரத்தில் கிடக்கிறது. அதன் பக்கவாட்டில் ஸ்டார்க் என்று எழுதியிருக்கிறது. இரண்டு நாட்கள் அவர்கள் அங்கே கிடக்கிறார்கள். மீட்க வந்தவர்கள் கல்லை அசைக்கும் ஒவ்வொரு தடவையும், இதோ இப்போது வெடிக்கும் என்று நினைத்துக்கொண்டே கிடக்கிறார்கள்.

இந்தக் கதையை வன்னியில் இருந்து கேட்பதும் வேறிடத்தில் இருந்து கேட்பதும் ஒன்றல்ல. 2009 இன் தொடக்க மாதங்களில் எங்கள் பதுங்குகுழிக்குமேல் அடுக்கியிருந்த மண்மூட்டைகள் அம்மாவின் சேலைகளை வெட்டித் தைத்தவை. ஒரு விடியற்காலையில், குழியின் வாசலுக்கு நேரே, வெட்டிப் போட்டிருந்த பனங்குற்றிக்குப் பக்கத்தில், செல் ஒன்று பாதி உடம்பு மண்ணுக்குள் இறங்கிய நிலையில் வால்பக்கம் தெரிய நின்றது. வெடித்திருக்கவில்லை. வெளியே வருவதற்கு அந்த வாசலைத் தவிர வேறு வழி இல்லை. அம்மா முதலில் வெளியே போய் நின்றுகொண்டு, காலைத் தூக்கி வை, மண்ணைத் தட்டாதே, மெல்ல வா என்று தாழ்ந்த குரலில் சொல்லிச் சொல்லி எங்களை ஒவ்வொருவராக அதைக் கடந்து வரச் செய்தார். அக்காவின் இடுப்பில் இருந்த குழந்தை அப்போது அழவில்லை. அந்தக் குழந்தைதான் இன்று வாண்டாவைப் பற்றி என்னிடம் கேட்டவன். அந்தச் செல்லின் உடம்பில் ஏதோ எழுத்துகளும் இலக்கங்களும் இருந்தன. அவற்றை வாசிக்க எவரும் குனியவில்லை. குனிந்து வாசித்திருந்தாலும் எங்களுக்கு ஒரு பெயரும் கிடைத்திராது.

வாண்டாவுக்குப் பெயர் கிடைத்தது. கிடைத்த பெயரில் அவள் தன் வெறுப்பு முழுவதையும் கொண்டுபோய்க் கட்டினாள். ஓர் எறிகணையைச் செய்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், குடியிருப்பை நோக்கிச் சுடச் சொன்னவர் ஒருவர், சுட்டவர் ஒருவர். அந்தக் குடியிருப்பை நோக்கிச் சுட்டது யார் என்பதைப் படம் சொல்வதில்லை, வாண்டாவும் கேட்பதில்லை. ஆயுதம் செய்து பணம் சேர்த்த டோனி ஸ்டார்க்கின் பழி சிறியது என்று நான் சொல்லவரவில்லை. வாசிக்கக்கூடியதாக இருந்த பெயர் அவனுடையதாக இருந்தபடியால் மற்றவர்கள் எல்லாரும் தப்பிப் போனார்கள் என்பதையே சொல்கிறேன். லாகோஸில் வாண்டாவுக்கு நடந்ததும் இதுதான். குண்டு கட்டியவன் இறந்துவிட்டான்; திட்டம் போட்டவர்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள்; சந்தை முழுவதும் கண்ட கை அவளுடையது. தன்னுடைய சின்ன வயதில் அவள் எந்த வழியால் பழியைச் சுமத்தினாளோ, அதே வழியால் பழி அவளிடமும் வந்து சேர்ந்தது.

டோனியின் உண்மையான குற்றம் சொக்கோவியா. மாயச் செங்கோல் ஒன்றில் இருந்த கல்லைப் பயன்படுத்தி அல்ட்ரோன் என்ற செயற்கை அறிவை உருவாக்க அவனும் பானரும் முயன்றபோது, குழுவில் மற்ற எவருக்கும் சொல்லவில்லை. வாதாடிக்கொண்டிருக்க நேரம் இல்லை என்று அவன் காரணம் சொல்கிறான். சொன்னால் தடுப்பார்கள் என்று தெரிந்தபடியால் ஒளித்தான். அவனுக்கு அந்த அச்சத்தை ஊட்டிய கனவுக்காட்சியை வாண்டா அவனுடைய மனத்தில் போட்டாள் என்பது உண்மை. அவள் அல்ட்ரோனோடு சேர்ந்து நின்றதும் உண்மை. அல்ட்ரோன் மனித குலத்தையே அழிக்க நினைக்கிறான் என்பதை அவனுடைய மனத்துக்குள் பார்த்த உடனேயே அவள் விலகினாள். திரும்பிவந்து சனத்தை வெளியேற்றினாள். அந்த நாளில் சகோதரனையும் இழந்தாள். அல்ட்ரோனால் ஒரு நகரம் மண்ணோடு பெயர்ந்து வானத்துக்கு உயர்ந்ததற்குப் பங்கு பிரிக்கச் சொன்னால், டோனியின் பங்கு அவளுடையதைவிடப் பல மடங்கு பெரியது.

அப்படியிருக்க, லாகோஸுக்குப் பிறகு அவளை அவெஞ்சர்ஸ் வளாகத்தை விட்டு வெளியே விடாமல் மறித்துவைப்பவன் அதே டோனி. காவலுக்குக் குழுவிலுள்ள விஷன் என்ற செயற்கை மனிதனை வைக்கிறான். எல்லா வசதியும் உள்ள இடம்தானே, இது அவளுடைய பாதுகாப்புக்காகத்தானே என்று ஸ்டீவிடம் நியாயம் சொல்கிறான். ஸ்டீவ் அதைத் தடுத்துவைப்பு என்றே சொல்லிக் கோபப்படுகிறான். பாதுகாப்பு என்று பெயர் சொல்லி அடைத்துவைப்பது எப்படிப்பட்டது என்பதை எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர், செட்டிகுளத்து மெனிக்பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குப் பின்னால் வைக்கப்பட்டார்கள். மெனிக்பாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். ஆகவே டோனி அந்த வசனத்தைச் சொல்லும்போது இங்கே பலருக்கும் வயிறு எரிவதில் வியப்பில்லை.

அவெஞ்சர்ஸ் குழுவைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் டோனி கையெழுத்திடத் தீர்மானிப்பதற்குக் காரணமாக இருப்பவர் ஒரு தாய். பல்கலைக்கழக நிகழ்வு ஒன்று முடிந்து அவன் வெளியேறும்போது, நடைபாதையில் அவனை எதிர்கொள்கிறார். அரச திணைக்களம் ஒன்றில் வேலை செய்து மகனை வளர்த்தவர். மகன் படித்து முடித்து, வேலையில் சேர்வதற்கு முன்னர் ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கச் சொக்கோவியாவுக்குப் போய், அங்கே கட்டடம் விழுந்து இறந்தவன். அந்தத் தாய் கத்தவில்லை. மகனின் படத்தை டோனியிடம் கொடுத்துவிட்டு, உன்னைத்தான் குற்றஞ்சாட்டுகிறேன் என்று நேரே சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் படத்தைத்தான் அவன் பிறகு குழுவினருக்குக் காட்டி, நம்மைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வேண்டும் என்கிறான். நல்லது. ஆனால் அந்தத் தாயிடம் திரும்பிப் போய், சொக்கோவியாவில் என்ன நடந்தது, அல்ட்ரோன் எங்கிருந்து வந்தான், ஏன் ஒளித்தேன் என்று உட்கார்ந்து சொன்னானா? 117 நாடுகள் ஒப்புக்கொண்ட அந்த உடன்படிக்கைக்குள் அவனுடைய மனவருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. கேள்வி கேட்டவருக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் போராட்டம் தொடங்கியது 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி. அந்தக் கொட்டகையைக் கடந்து போனவர்களுக்குத் தெரியும்: தாய்மார் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஆணைக்குழுக்கள் வந்தன, அலுவலகங்கள் திறக்கப்பட்டன, படிவங்கள் நிரப்பப்பட்டன. என் பிள்ளை எங்கே என்று கேட்டவருக்கு அவருடைய பிள்ளையைப் பற்றிய பதில் வேண்டும். பொதுவான பதில் அவருக்குப் போதாது. அந்தத் தாய்மாரைப் பார்த்த கண்ணோடு 'சிவில் வோர்' படத்தைப் பார்த்தால் அதிலுள்ள பெரிய குறை பளிச்சென்று தெரியும். சொக்கோவியாவில் இறந்த ஓர் அமெரிக்க இளைஞனின் தாய் பேசுகிறார். வக்காண்டாவின் அரசர் வியன்னாவில் தம்முடைய மக்களுக்காகப் பேசுகிறார். லாகோஸ் நகரத்து மனிதர் ஒருவருக்கும் அந்தப் படத்தில் தம்முடைய இறந்தவரைப் பற்றிப் பேச இடம் கிடைக்கவில்லை. பழி யாருடையது என்ற விவாதம் முழுவதும் பலசாலிகளுக்குள்ளேயே நடந்து, கடைசியில் அவர்களுடைய சொந்தச் சண்டையாக முடிந்துவிடுகிறது.

லாகோஸில் பழி இல்லை என்று சொன்னவன் வெஸ்ட்வியூவில் என்ன சொல்லப்போகிறேன் என்பதை மருமகன் ஊகித்திருந்தான். 2021 இல் வந்த 'வாண்டாவிஷன்' தொடரில், காதலன் விஷனை இழந்த துக்கத்தில் வாண்டாவின் சக்தி கட்டுமீறி வெளிப்பட்டு, வெஸ்ட்வியூ என்ற சிற்றூர் முழுவதையும் அவளுடைய கற்பனைக் குடும்பத்துக்கான மேடையாக்கிவிடுகிறது. அது வெடித்த முதற்கணத்துக்கு நான் அவளைக் குறைசொல்லமாட்டேன்; துக்கம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பிறகு வந்த நாட்களின் கதை வேறு. உண்மையைச் சொல்ல முயன்ற மொனிக்கா என்ற அதிகாரியை வெளியே தூக்கி எறிகிறாள். எல்லைக்கு வெளியே வந்து, என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு உள்ளே திரும்புகிறாள். அந்த எல்லையை இன்னும் பெரிதாக்குகிறாள். உள்ளே இருந்தவர்கள் தங்கள் வாயால் அவளுடைய வசனங்களைப் பேசிக்கொண்டு, தூங்கும்போது அவளுடைய கெட்ட கனவுகளைக் கண்டுகொண்டு இருந்தார்கள்.

கடைசி அத்தியாயத்தில் சேரா என்ற பெண்ணின் வாய் திறக்கப்படுகிறது. எனக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், உங்கள் பிள்ளைகளோடு அவளும் விளையாடலாமே, உங்கள் கதையில் அவளுக்கும் ஏதாவது ஒரு பாத்திரம் கொடுங்கள், அவளை அறையிலிருந்து வெளியே விட்டால் போதும், ஒரு தடவை அணைத்துக்கொள்ள விட்டால் போதும் என்று அவள் கெஞ்சுகிறாள். தன்னைச் சிறைவைத்தவளுக்கு ஏற்றபடி பேசிப் பேசி, பிள்ளையைப் பார்ப்பதற்கு ஒரு வழி தேடும் அந்தத் தாயின் குரல் எனக்கு மிகவும் பழக்கமான குரல். சுற்றி நின்ற மற்றவர்கள், விடமாட்டாய் என்றால் எங்களைச் சாகவாவது விடு என்கிறார்கள். முடிவில் வாண்டா அவர்களை விட்டுவிடுகிறாள், உண்மைதான். அதற்காக அவள் தன் கணவனையும் பிள்ளைகளையும் இழக்கிறாள், அதுவும் உண்மை. ஆனால் மொனிக்கா அவளிடம், நீ அவர்களுக்காக எதைத் தியாகம் செய்தாய் என்பது அவர்களுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை என்கிறாள். இந்த வசனத்தை எழுதியவர்கள் சேராவை மறந்துவிட்டார்கள். பிறருடைய பிள்ளைகளைப் பூட்டிவைத்து நடத்திய வாழ்க்கையைக் கைவிடுவதற்குத் தியாகம் என்று பெயர் வைக்கக் கூடாது. சட்டத்தரப்பு வந்து சேர்வதற்குள் வாண்டா பறந்து போய்விடுகிறாள். தொடரும் அவளை அனுதாபத்தோடு வழியனுப்புகிறது.

இந்த இடத்தில் மருமகன் என்னை மடக்கினான். "வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போய்க் கும்பிடுறியள். கண்ணகியும் துக்கத்திலதானே மதுரையை எரிச்சவ?" நல்ல கேள்வி. மதுரையை எரித்த அம்மன் ஆறாத சினத்தோடு இலங்கைக்கு வந்து, இடம் இடமாகத் தங்கி, நந்திக்கடலோரத்தில் வற்றாப்பளையில் அமர்ந்தாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அங்கே போய் நாம் அவளுடைய மனம் குளிர வேண்டும் என்றுதான் வேண்டுகிறோம்; எரித்ததைக் கொண்டாடப் போவதில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தீக்கடவுளுக்கு ஆணையிடும்போது, அறவோரை, பத்தினிப் பெண்களை, முதியவர்களை, குழந்தைகளை விட்டுவிடு, தீயவர் பக்கமே சேர் என்கிறாள். எரிகிற ஊருக்குள் குற்றமற்றவர்கள் இருப்பார்களே என்ற கேள்வி இளங்கோவடிகளைக் குடைந்திராவிட்டால், இந்த வரிகளை அவர் எழுதியிருக்கமாட்டார். அதுமட்டுமல்ல, கண்ணகி முதலில் போனது அரசவைக்கு. வழக்கைச் சொன்னாள்; சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். வெஸ்ட்வியூ மக்கள் வாண்டாவுக்கு ஒரு தீங்கும் செய்தவர்கள் அல்லர், அங்கே குழந்தைகளும் விடுபடவில்லை.

அந்தக் காப்பியத்தில் இந்த விடயத்துக்கு இன்னும் நெருக்கமான ஆள் பாண்டிய மன்னன் என்பது என் எண்ணம். பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் ஆணையிட்டவன் அவன். அவனுக்கு நேரம் இருந்தது, விசாரிக்க வழி இருந்தது. சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், பொற்கொல்லனைக் காட்டவில்லை, வெட்டிய காவலனைக் காட்டவில்லை. நானே கள்வன் என்று, கணவனை இழந்தவள் முன்னால், சபை நடுவே சொல்லி விழுந்து இறந்தான். அவன் சாவைவிட அவன் அந்தச் சொல்லை யாருக்கு முன்னால் சொன்னான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. டோனியும் வாண்டாவும் தங்கள் மனத்துக்குள்ளும் தங்கள் நண்பர்களுக்குள்ளும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கக்கூடும்.

2022 இல் வந்த 'டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்தின் முடிவில், வாண்டா டார்க்ஹோல்ட் என்ற சூனிய நூலை எல்லா உலகங்களிலிருந்தும் அழித்து, மலைக்கோயிலைத் தன்மேலேயே இடித்து வீழ்த்துகிறாள். அவள் உயிரைக் கொடுத்தே கடனைத் தீர்த்துவிட்டாள் என்பது மருமகனின் கட்சி. யாருக்குத் தீர்த்தாள் என்று நான் கேட்கிறேன். சேராவின் வீட்டுக்கு ஒரு சொல்லும் போகவில்லை. இனிப் போகவும் வழி இல்லாமல் போயிற்று. இதில் அவனும் நானும் ஒத்துப்போகவில்லை.

லாகோஸைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். பழி ரம்லோவுடையது, பிறகு அந்தச் சண்டையைச் சந்தைவரை வரவிட்ட பெரியவர்களுடையது, வாண்டாவுடையது அல்ல. ஆனாலும் தூக்கிய கை அவளுடையதாக இருந்தபடியால், நான் வானத்துக்குத்தான் கொண்டுபோக முயன்றேன், என்னால் முடியவில்லை என்று அந்த வீட்டாரிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவர்கள் அதைக் கேட்டு மன்னித்திருக்கலாம், ஏசியிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். அது அவர்களுடைய உரிமை. ஸ்டீவ் அவளைக் கூட்டிக்கொண்டு மறுநாளே அங்கே போயிருக்க வேண்டும். அவனோ அவள் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சிச் செய்தியை நிறுத்திவிட்டு ஆறுதல் சொன்னான். டோனி அவளை வெளியே போகாமல் மறித்தான். அவளைப் பாதுகாப்பதாக இருவருமே உண்மையாக நம்பினார்கள்.